வற்றுக்கடல் மேய்ச்சல்

இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கிக் கடற்சுவரில் வந்து குந்தியிருப்பதற்கு வாத்துகள்தான் காரணம் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. அருளம்பலத்துக்கே அதில் பாதி நம்பிக்கைதான். கடல் வற்றிக் கிடந்தது. தேம்ஸ் ஆறு வந்து கலக்கிற அந்த இடத்தில் தண்ணீர் பின்வாங்கினால் கண்ணுக்கெட்டிய வரை சேறுதான், சேற்றின் மேல் பச்சையும் கறுப்புமாய்ப் படுத்துக் கிடக்கும் கடற்புல்தான், புல்லின் மேல் தலை கவிழ்ந்த நூற்றுக்கணக்கான கறுத்த வாத்துகள்தான். சைபீரியாவில் இருந்து இந்தப் புல்லைத் தின்பதற்கென்றே பறந்து வருகின்றனவாம். வந்த களைப்பு ஒன்றிலும் தெரியவில்லை. தின்றன. தின்றுகொண்டே ஓரடி வைத்தன, மறுபடி தின்றன. அங்கொன்று இங்கொன்று கழுத்தை நேரே வைத்துக்கொண்டு நின்றது, அதுவும் கொஞ்ச நேரத்தில் குனிந்துவிட்டது. சாப்பிடுவது இதுகளுக்கு எவ்வளவு லேசான காரியமாக இருக்கிறது, வாயைத் திறக்க வேண்டும், உள்ளே போக வேண்டும், முடிந்தது, இதற்குப் போய் ஆஸ்பத்திரியில் மேசையைச் சுற்றி இருந்து தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இன்றைக்குப் பின்னேரம் டொக்டர் வருவார். மனைவி யோகமலரின் வயிற்றில் துளை போட்டுச் சாப்பாடு இறக்குகிற ரியூப் வைப்பதா இல்லையா என்று கேட்பார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரிக் கேட்பார், கேட்கப்படுகிறவர் இந்த நாட்டில் முப்பது வருஷம் தபால் பிரித்தவர், அவர்களுடைய தெருப் பெயர்களை அவர்களை விட நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் என்பதெல்லாம் டொக்டருக்கு எப்படித் தெரியும். ஓம் என்று சொல்ல வேண்டும். ஓம் என்று சொன்னால் மனைவி உயிரோடு இருப்பாள், ஆனால் பால்மாதிரி ஒன்று நேரே வயிற்றுக்குள் இறங்கும், வாய்க்கு வேலையிராது. இல்லை என்று சொன்னால், இல்லை என்பதை அவர் நினைத்தே பார்க்கவில்லை, நினைக்கப் போனால் நினைப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆனால் தொண்டை திரும்பிவிட்டது என்கிறார்கள், குழைத்துக் கொடுத்தால் விழுங்க முடியும் என்கிறார்கள். அவள்தான் வாயைத் திறக்கிறாளில்லை.

வலப்பக்கமா, இடப்பக்கமா. அந்தக் கேள்விதான் ஒரு கிழமையாக, ஏழு நாளும், பல்லிடுக்கில் நார் மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஆஸ்பத்திரியில் விழுங்குவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பிள்ளை இருக்கிறாள், அதற்கும் ஒரு படிப்பு, அருளம்பலம் மனதுக்குள் அவளுக்கு விழுங்கல் பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். சிரித்த முகம். ஒரு நாள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து கேட்டாள். உங்கள் மனைவிக்கு எந்தச் சாப்பாடு விருப்பம். இடியப்பமும் சொதியும் என்று அவர் யோசிக்காமல் சொன்னார். வேகமாகச் சாப்பிடுவாரா, ஆறுதலாகவா. ஆறுதலாக என்றார், பெண்பிள்ளைகள் ஆறுதலாகத்தான் சாப்பிடுவார்கள் என்ற கணக்கில். எந்தப் பக்கத்தால் சப்புவார், வலப்பக்கமா, இடப்பக்கமா. அங்கேதான் அவர் முழி முழி என்று முழித்தார். நாற்பத்து நாலு வருஷம் கட்டி வாழ்ந்த பெண்சாதி எந்தக் கன்னத்தில் சோற்றை வைத்துச் சப்புவாள் என்று கேட்டால் எந்த மனிதன் சொல்லுவான், சொல்லுவான்போல, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் இந்த நாட்டில் எல்லோரும் டக்கென்று சொல்லிவிடுவார்கள்போலத்தான் இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறபோதுதான் இன்னொன்றும் விளங்கியது. இடியப்பமும் சொதியும் அவருக்கு விருப்பம். மலருக்கு என்ன விருப்பம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே மறுநாள் அதைத்தான் செய்வித்து, சுடுதண்ணிப் போத்தலில் சொதியை ஊற்றிக்கொண்டுபோனார், தண்ணிமாதிரி இருக்கிறதே இது நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளை பதறிப்போய்ப் பறித்து வைத்தாள். மலர் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. இதை வெளியில் சொன்னால் சண்டைக்காரக் குடும்பம் என்று நினைப்பார்கள். அப்படியொன்றும் இல்லை. அவர் மேசையில் இருப்பார், அவள் பக்கத்தில் நின்று போடுவாள், இன்னும் கொஞ்சம் போடட்டே என்பாள், இரண்டாம் தரமும் போட்டால்தான் அவளுக்குத் திருப்தி, பிறகும் கரண்டியோடு வருவாள், அவர் காணும் என்பார், போதும் என்று சொல்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை, காணும்தான். எழும்பிப் போய்க் கை கழுவுவார். குழாய்த் தண்ணி விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் குசினிக்குள் அவளுடைய சாப்பாட்டுக் கோப்பை எடுபடும். அந்த நேரம் அவர் முன்னறையில் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். உலகத்தில் நடக்கிறதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. மகள் கௌசிதான், வேலைத்தலத்தில் இருந்து, பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. "அப்பா, எங்க நிக்கிறியள்?" "கடற்கரையில." "அங்க என்ன செய்யிறியள் இந்தக் குளிருக்குள்ள?" "வாத்துப் பாக்கிறன்." பின்னால் கேட்ட சிரிப்பு தூரப்போனது. தகப்பனுக்கும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று யோசிக்கிறாள் என்பது இங்கிருந்தே தெரிந்தது. "சாப்பிட்டியளே?" "ஓம்." பொய். இரண்டு கிழமையாக அவர் பகலில் பச்சைத்தண்ணி தவிர வாயில் ஒன்றும் வைப்பதில்லை, மலர் ஒரு பிடி ஒழுங்காகச் சாப்பிடும்வரை பகல் சாப்பாடு இல்லையென்று முருகன் கோவிலில் நேர்த்தி வைத்திருந்தார், இரவு வீட்டுக்குப் போய் ஒரு துண்டுப் பாண். இதைக் கௌசிக்குச் சொன்னால் பேச்சு விழும். "அப்பா, டொக்டர் கேட்டா ஓம் எண்டு சொல்லுங்கோ. ரியூப் வைச்சா உடம்பாவது தாங்கும்." "வைச்சாப் பிறகு எடுக்கலாமோ?" "எடுக்கலாம் எண்டுதான் சொல்லுகினம்." "எடுத்தவையோ ஆரும்?" அவள் கதையை மாற்றினாள். "அப்பா, நான் ஒண்டு சொல்லுவன், குறை நினைக்கக்கூடாது. நேர்ஸ் சொல்லுறா, விடிய வெள்ளன நீங்கள் இல்லாத நேரம் அம்மா ரெண்டு மூண்டு கரண்டி தேத்தண்ணி எடுக்கிறாவாம், தடிப்பாக்கித்தான் குடுக்கினம், எண்டாலும் எடுக்கிறா. மத்தியானமும் பின்னேரமும்தான் வாயை இறுக்கி மூடுறா. சாப்பாட்டுக் கோப்பையையும் தள்ளி விடுறா." "ம்." "அந்த ரெண்டு நேரமும் நீங்கள் பக்கத்தில இருக்கிறியள்." "ம்." "உங்களைக் கண்டா அழுகை வருதோ என்னவோ. இண்டைக்கு ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச பிறகு போய்ப் பாருங்கோவன், அப்பா." அவர் சரி பிள்ளை என்றார். போனைப் பைக்குள் போட்டார். ஆக, விஷயம் இதுதான். அவர் சுவரில் குந்தியிருப்பது வாத்துக்காக இல்லை. அவர் இல்லாவிட்டால் அவள் சாப்பிடக்கூடும். இதை நேற்றே நேர்ஸ் மரியெல் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தாள், அவருக்கு விளங்காதது மாதிரி இருந்துவிட்டார், விளங்கினபடியால்தான் இன்றைக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கினார்.

கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைக்கார அம்மா முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். ஜில் என்று பெயர். போன கிழமை ஆஸ்பத்திரியால் திரும்புகிறபோதே அறிமுகம், அறிமுகம் என்றால் அவர் சுவரில் இருந்து சேற்றுப் பக்கம் இறங்கப் போனபோது அவள் நாய்க்குச் சொல்வது மாதிரி ஒரு அதட்டு அதட்டினாள், அது அறிமுகம். இன்றைக்குக் கொஞ்சம் இளகியிருந்தாள். வந்து பார்க்கிறீர்களா என்று கையைக் காட்டினாள். அவர் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். தூரத்தில் கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது திடீரென்று முகத்துக்கு முன்னால் வந்து நின்றது, கறுத்த தலை, கறுத்த கழுத்து, கழுத்தில் சின்னதாய் வெள்ளைக் கீறல், அலகில் பச்சைப் புல் நாடா மாதிரித் தொங்கியது. தலையை ஒருக்கால் உதறிப் புல்லை உள்ளே இழுத்தது. தொண்டை அசைந்தது. அசைந்ததைக் கண்டார். அட, விழுங்குகிறது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது, ஒரு வாத்து விழுங்கியதற்கு இப்படியா என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. "இது எந்தப் பக்கத்தால் சப்பும்?" என்று கேட்டார். ஜில் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அதற்குப் பல்லே இல்லை" என்றாள். பிறகு, கேட்டவரின் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள், தண்ணீர் வற்றியிருக்கிற நேரம்தான் இதுகளுக்குச் சாப்பாட்டு நேரம், தண்ணீர் ஏறிவிட்டால் கழுத்து எட்டும்வரை தலைகீழாய் நின்று பார்க்கும், அதற்கும் மேலே போனால் அடுத்த வற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒன்று தலை நிமிர்த்தி நின்றால் காவல் நிற்கிறது என்று அர்த்தம், மற்றது குனியும். "இன்னொன்று. நேரே உற்றுப் பார்த்துக்கொண்டு கிட்டப் போகக்கூடாது. சாப்பிடுகிற எதுவும் தன்னை ஒருவர் நேரே பார்ப்பதை விரும்பாது. வேறு எங்கேயோ பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு பார்க்க வேண்டும்." சொல்லிவிட்டுத் தன் குடுவையில் இருந்து தேத்தண்ணி ஊற்றி ஒரு மூடியை அவரிடம் நீட்டினாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். வயிறு கேட்டது, அவர் கொடுக்கவில்லை. நேர்த்தி நேர்த்திதான்.

தேத்தண்ணி மணம் மட்டும் காற்றில் வந்தது. விடியற்காலைத் தேத்தண்ணி. அவர் எழும்புவதற்கு முன்னமே மலர் குசினியில் நின்று ஒரு தேத்தண்ணி குடித்து முடித்திருப்பாள், அவருக்கு இரண்டாவதுதான் வரும், அந்த முதல் தேத்தண்ணி அவளுடையது, அதற்கு யாரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலும் விடியத் தேத்தண்ணி எடுக்கிறாளாம். எடுக்கட்டும். பிறகு ஏன் மத்தியானம் மட்டும். இப்படித்தான் நினைப்பு ஒரு சுற்றுச் சுற்றிவந்து அதே இடத்தில் இடிபடுகிறது. ஒரே ஒருநாள் அவள் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார், இப்போதுதான் ஞாபகம் வருகிறது, ஈஸ்ட்ஹாமில் மாடி வீட்டில் இருந்த காலம், கௌசி வயிற்றிலோ கையிலோ, வேலைக்கு இறங்கியவர் கண்ணாடியை விட்டுவிட்டுத் திரும்பி ஏறினார். குசினிக் கதவு பாதி திறந்திருந்தது. மலர் அடுப்படியில் நின்றபடி, சட்டியோடு, எல்லாக் கறியின் மிச்சத்தையும் சோற்றோடு போட்டுக் குழையலாய்ப் பிசைந்து, உருட்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தை அவர் அதற்கு முன் கண்டதில்லை, கலியாணத்தில் கண்டதில்லை, பிள்ளை பிறந்தபோதும் கண்டதில்லை. அவ்வளவு சந்தோஷம் ஒரு சட்டி அடியில் கிடந்திருக்கிறது. படி கிறீச்சிட்டது. அவள் கண் திறந்து, கையைப் பின்னால் மறைத்து, "என்னப்பா, எதையும் விட்டிட்டியளே?" என்றாள். "கண்ணாடி." எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அவள் சாப்பிட்டாளா, சட்டியைக் கழுவி வைத்தாளா, யாருக்குத் தெரியும். எந்தக் கன்னம் அது. எவ்வளவு கண்ணை இறுக்கினாலும் உருண்டை உள்ளே போவது தெரிகிறது, கன்னம் தெரியவில்லை. குழையல்தான் அவளுக்கு விருப்பம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். தடிப்பாய், தண்ணியில்லாமல், அவர்கள் கேட்கிற பதத்தில் அச்சொட்டாய் இருந்திருக்கும். ஆனால் சாப்பாட்டுப் பதம் இல்லை இங்கே பிரச்சினை. வாய் திறந்தாலல்லவா பதம். நேற்று மத்தியானமும் மரியெல் கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனாள், மலர் கரண்டியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள், பார்த்தபடியே உதட்டை இறுக்கினாள், இடக்கையால் தட்டைப் பிடித்துத் தள்ளினாள். போ என்று தள்ளுகிறாள். உன்னால்தான் என்று தள்ளுகிறாளோ. என்னத்தை நான் செய்தேன் மலர். செய்யாததைச் சொல்லு என்றால் அதற்கு ஒரு பட்டியல் போடலாம், ஆனால் நீ அப்படிக் கணக்கு வைக்கிறவள் இல்லையே.

தண்ணீர் திரும்பிவிட்டது. தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு மாதிரி இருந்தது இப்போது வாய்க்கால் வாய்க்காலாய்ச் சேற்றுக்குள் வந்துகொண்டிருந்தது. வாத்துகள் அவசரப்படத் தொடங்கியிருந்தன. சுவருக்குக் கிட்ட ஒரு சோடி நின்றது, கூட ஒரு குஞ்சு, குஞ்சு என்றாலும் வளர்ந்தது, கழுத்தில் இன்னும் அந்த வெள்ளைக் கீறல் வரவில்லை. பெரியது ஒன்று நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிச் சேற்றை மிதித்தது. மிதிக்க மிதிக்கச் சேறு இளகி, ஒரு சின்னக் குழி விழுந்து, புல்லின் வெள்ளைக் கிழங்கு மேலே மிதந்து வந்தது. அது குனிவதற்குள் மற்றது உள்ளே தலையைவிட்டது. பெரியது ஒதுங்கியது. துரத்திவிட்டது என்றுதான் அருளம்பலம் முதலில் நினைத்தார், பாவம், பாடுபட்டது யார், தின்கிறது யார். பெரியது ஓரடி தள்ளி நின்று மறுபடி மிதித்தது. மறுபடி கிழங்கு. இந்தத் தரம் குஞ்சு வந்தது. பெரியது தன் உடம்பால் அதை அந்தக் குழிப்பக்கம் ஒரு இடி இடித்துவிட்டு ஒதுங்கியது. பார்ப்பதற்கு இடிப்பது மாதிரித்தான் இருந்தது. இடித்தது விரட்டுவதற்கா, இல்லையா, அது வாத்துக்குத்தான் வெளிச்சம். அருளம்பலம் எழுந்து நின்றுவிட்டார். தட்டு எந்தப் பக்கம் போனது. நேற்று, முந்தாநாள், அதற்கு முதல் நாள். மேசை கட்டிலுக்குக் குறுக்கே இருந்தது. மரியெல் வலப்பக்கம். அவர் இடப்பக்கம், கதிரையில். மலர் தட்டை மரியெல் பக்கம் தள்ளவில்லை. கீழே விழுத்தவில்லை. மேசை விளிம்பு வரை, மெல்ல, தட்டில் இருந்தது சிந்தாமல், அவருடைய மடிக்கு நேரே கொண்டுவந்து விட்டாள். விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அதை எடுத்து மறுபடி அவளுக்கு முன்னால் வைத்தார். அவள் மறுபடி தள்ளினாள். இரண்டு பேருமாய் ஒரு தட்டை வைத்து இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தார்கள், நேர்ஸ் போய் நோயாளி சாப்பிட மறுத்துவிட்டார் என்று எழுதிவைத்தாள். அது ஏன் எனக்கு விளங்கவில்லை. விளங்காததற்குக் காரணம் அந்தக் கை. நாற்பத்து நாலு வருஷத்தில் மலர் ஒரு குவளை தண்ணிகூட இடக்கையால் தந்ததில்லை. கடைக்காரன் இடக்கையால் மிச்சக் காசு தந்தால்கூட முகம் சுளிக்கிறவள். இடக்கையால் வந்தது எதுவும் அவருக்குச் சாப்பாடாகத் தெரியவில்லை, தள்ளுவதாகத்தான் தெரிந்தது. வலக்கை செத்துக் கிடக்கிறது, வேறு எந்தக் கையால் போடுவாள் அவள். கன்னம் ஒட்டி, சட்டைக் கழுத்து தொளதொளத்து, பகல் முழுக்கப் பசியோடு ஒரு மனிதன் பக்கத்தில் வந்து இருக்கிறான். அவனுக்குப் போடாமல் தான் சாப்பிடுவதா. அவர் அவளுக்காகச் சாப்பிடாமல் இருக்கிறார், அவள் அவருக்காகச் சாப்பிடாமல் இருக்கிறாள், நடுவில் ரியூப் வருகிறது.

கடற்கரை வீதியில் அவர் நடந்த நடையைப் பார்த்தால் எழுபத்து மூன்று வயசென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓடினார் என்றும் சொல்ல முடியாது, முழங்கால் விடாது. பின்னால் ஜில் ஏதோ கூப்பிட்டாள், தொப்பியை விட்டுவிட்டுப் போகிறாராம், கிடக்கட்டும். பஸ் வராது, இந்த நேரம் வராது, நடந்தால்தான். சாப்பாட்டு வண்டி உருட்டத் தொடங்கியிருப்பார்கள். மரியெல் அவர் வரவில்லையென்று நிம்மதியாகக் கரண்டியை எடுப்பாள், மலர் கதவைப் பார்ப்பாள், ஆளே இல்லை, சாப்பிட்டானோ இல்லையோ என்பதுகூடத் தெரியாமல் அவள் எப்படி வாய் திறப்பாள், அல்லது ஒருவேளை திறந்துவிடுவாள், திறந்தால் நல்லதுதானே, நல்லதுதான், ஆனால் தான் இல்லாமல் திறந்துவிட்டால் என்ன செய்வதென்ற ஒரு சின்னப் பயம் சுருக்கென்று தைத்தது, மனிசன் என்ன பிறவி பார். மூச்சு வாங்கியது. தண்ணீர் இப்போது சுவர்ப்பக்கம் வந்திருக்கும், வாத்துகள் தலைகீழாய் நின்று எட்டிப் பார்க்கும், எட்டாது. நேர்த்தி இருக்கிறதே. அவள் ஒரு பிடி சாப்பிடாமல் நான் சாப்பிடுவதில்லையென்று சொன்னேனே, கற்பூரம் எரித்துச் சொன்னேனே, சொல்லைத் தின்றால் அதற்கும் அவள் தலையிலே ஏதும் வந்து விடிந்தால். வீதி விளக்கில் பச்சை மனிதன் தெரியும்வரை நின்றார். முருகா, நீ இரண்டு பேரைக் கட்டினவன், உனக்கு இந்த விஷயம் என்னைவிட விளங்கும். தண்டனை எதுவும் என்றால் என்னோடு வைத்துக்கொள். பச்சை வந்தது, கடந்தார்.

வாசலில் அவரைக் கண்டதும் மரியெலின் முகம் கொஞ்சம் விழுந்தது, அதை அவள் சிரித்து மறைத்தாள். மேசை குறுக்கே இருந்தது. தட்டில் மூன்று கும்பி, வெள்ளை, பச்சை, மண்ணிறம், உருளைக்கிழங்கும் பட்டாணியும் மீனுமாம், எல்லாம் ஒரே மாதிரி அரைத்தது. மலர் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கதிரையை வழக்கமான இடத்தில் போட்டு இருந்தார். "வந்திட்டன்" என்றார். அவள் அவருடைய கன்னத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். இடக்கை எழும்பியது. தட்டு மெல்ல மெல்ல நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்தது. மரியெல் பெருமூச்சுவிட்டுக் கரண்டியைத் தாழ்த்தினாள். அருளம்பலம் தட்டைத் திருப்பி வைக்கவில்லை. குளிரில் விறைத்த வலக்கையை நீட்டி, வெள்ளையில் கொஞ்சம், பச்சையில் கொஞ்சம், மீனில் கொஞ்சம் எடுத்து விரலால் குழைத்து வாயில் வைத்தார். "ஐயா, அது நோயாளிக்கு" என்று மரியெல் ஆங்கிலத்தில் பதறினாள். "கொஞ்சம் பொறும், பிள்ளை" என்று அவர் தமிழில் சொன்னார். அவளுக்கு விளங்கியிருக்க நியாயமில்லை, ஆனாலும் பொறுத்தாள். உப்பில்லை. புளியில்லை. வீட்டில் இப்படி ஒன்றை மேசையில் வைத்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று மலருக்குத் தெரியும், அவளுடைய உதட்டின் நல்ல பக்கம் லேசாய்க் கோணியது, சிரிப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. விழுங்கினார். இரண்டு கிழமைப் பகல் பசி ஒரேயடியாய் எழும்பிவந்தது, இன்னொரு பிடி, இன்னொன்று. நிறுத்தினார். மலர் தட்டை அரை விரல் அளவு இன்னும் தள்ளினாள். இன்னும் கொஞ்சம் போடட்டே. அவர் இரண்டாம் தரமும் சாப்பிட்டார். கண்ணில் தண்ணி முட்டியது, சாப்பிடுகிற மனிதன் அழுதால் போட்டவளுக்கு என்னமாதிரி இருக்கும் என்று அடக்கிக்கொண்டார். கை மூன்றாம் தரமும் தட்டை நோக்கி வந்தபோது, "காணும், மலர்" என்றார். கை நின்றது. அவர் தட்டை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு எழும்பினார்.

கை கழுவும் தொட்டி கட்டிலின் கால்மாட்டில், சுவரோடு இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்று குழாயைத் திறந்தார். தண்ணி வெள்ளைத் தொட்டியில் சத்தமாய் விழுந்தது. வீட்டில் இந்த இடத்தில் அவர் முன்னறைக்குப் போய்விடுவார். இப்போது போகவில்லை. தொட்டிக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி, சவரம் செய்கிற அளவுதான், அதில் அவருடைய தோளுக்கு மேலால் கட்டில் தெரிந்தது. நேரே பார்க்கக்கூடாது. குழாயைப் பார்ப்பது மாதிரிக் குனிந்துகொண்டு, கண்ணை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார். மலர் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணி விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவள் மரியெல் பக்கம் திரும்பினாள். மரியெல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கரண்டியில் கொஞ்சமாய் எடுத்தாள். வாய் திறந்தது. உள்ளே போனது. மலர் கண்ணை மூடிக்கொண்டாள். இடக்கன்னம் மெல்ல உப்பியது, அசைந்தது, நின்றது, தொண்டை ஏறி இறங்கியது. இடப்பக்கம். வாதம் வந்தபடியால் இப்போதுதான் இடப்பக்கமோ, அல்லது எப்போதுமே இடப்பக்கம்தானோ, அதை இனி யாரிடமும் கேட்க முடியாது. மரியெல் அவரைக் கூப்பிடப் போவது மாதிரி வாயெடுத்தாள், அவர் கண்ணாடிக்குள்ளேயே தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இரண்டாவது கரண்டி போனது. மூன்றாவதுக்கு முதல் மலர் கண்ணைத் திறந்து, கழுத்தை நேரே வைத்து, தண்ணிச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று கவனித்தாள். அவர் டக்கென்று தலையைத் தாழ்த்தினார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. அவர் இன்னும் கழுவிக்கொண்டு நின்றார்.